இன்னும் வராத தேதி

மூன்றாவது தடவையும் கோடு எழுபது வரை வந்து நின்றது. யோசிப்பதுபோல் சற்று நேரம் அங்கேயே கிடந்தது. பிறகு ஒரு சின்ன மணிச்சத்தம். 'புதுப்பிப்பை நிறுவ முடியவில்லை. பழைய பதிப்புக்குத் திரும்புகிறது' என்று திரையில் எழுத்து வந்தது.

"எம்புட்டு வந்துச்சு?" என்று கேட்டார் கோமதிநாயகம். தலையை ஆட்டக் கூடாது என்று சொல்லியிருந்ததால் கண்ணை மட்டும் உருட்டினார். அவருடைய வலது காதுக்குப் பின்னால் எட்டணா அகலத்தில் ஒரு வில்லை ஒட்டியிருந்தது. அதிலிருந்து ஒரு வயர் மெர்லினின் லேப்டாப்புக்குப் போயிற்று.

"எழுபது சார்."

"பத்தாங்கிளாஸ் கணக்குல நான் வாங்குனதவிட ஜாஸ்தி. பாஸ்னு போட்டு விட்டுருங்க."

மெர்லின் சிரித்துவிட்டாள். அடுக்களை வாசலில் நின்றிருந்த அவர் மனைவி உலகம்மாள் சிரிக்கவில்லை. கையில் இருந்த துண்டைப் பிழிந்துகொண்டே திரையைப் பார்த்தாள்.

மெர்லின் திருநெல்வேலி சர்வீஸ் சென்டரிலிருந்து மதியம் கிளம்பி அம்பாசமுத்திரம் வந்திருந்தாள். நினைவுக்கருவி பொருத்தியவர்களை நேரில் போய்ப் பார்ப்பதுதான் அவள் வேலை. கோமதிநாயகத்துக்கு ஆறு வருடத்துக்கு முன்னால் மூளைக்காய்ச்சல் வந்தது. உயிர் பிழைத்தது, ஆனால் அதற்குப் பிறகு நடந்த எதுவும் அவரிடம் தங்கவில்லை. காலையில் சாப்பிட்டதை மதியம் கேட்டால் தெரியாது. மதியம் வந்துபோன ஆளை மாலையில் முதல்தடவை பார்ப்பதுபோல் கும்பிடுவார். தலைக்குள் வைத்த கருவி அந்த வேலையை எடுத்துக்கொண்டது. நடப்பதையெல்லாம் தேதி போட்டுச் சேர்த்து வைத்து, வேண்டும்போது எடுத்துக் கொடுக்கும். ஒரு கடைசிப் புதுப்பிப்பு வந்திருந்தது. இந்த மாதக் கடைசிக்குள் அதை ஏற்றாத பழைய கருவிகள் நின்றுபோகும் என்று கம்பெனி எல்லோருக்கும் சொல்லிவிட்டது. இவருடைய கருவி மட்டும் ஏற்க மாட்டேன் என்றது.

மெர்லின் எதையும் வரிசையாகச் செய்கிறவள். கருவியை அணைத்து மறுபடி போட்டாள். வீட்டு இணைப்பை விட்டுத் தன் போன் இணைப்பைக் கொடுத்தாள். இடம் போதுமா என்று பார்த்தாள், தாராளமாக இருந்தது. இறக்கியதை அழித்துவிட்டுப் புதிதாக இறக்கினாள். எல்லாவற்றுக்கும் எழுபதுதான். இனி உள்ளே போய்ப் பார்ப்பதைத் தவிர வழியில்லை என்று, சாதாரணமாக யாரும் திறக்காத பிழைப் பக்கத்தைத் திறந்தாள். நூறு வரி ஓடியது. நடுவில் ஒரு வரி: 'முத்திரை இன்னும் செல்லுபடியாகத் தொடங்கவில்லை.'

இன்னும் தொடங்கவில்லையா? புதுப்பிப்பு தன்னுடையதுதான் என்று கம்பெனி அந்த முத்திரையைப் போட்டு ஒரு வருடம் ஆகிறதே.

கருவியின் கடிகாரத்தைப் பார்த்தாள். மாதம் சரி, நாள் சரி, மணிகூடச் சரி. வருடம் 2038. அவள் போனில் 2042.

பேட்டரி செத்துப் பிழைத்த கருவிகளில் தேதி கண்டபடி ஓடிப்போயிருப்பதை அவள் பார்த்திருக்கிறாள். இது ஓடிப்போன தேதி இல்லை. வருடத்தை மட்டும் யாரோ பிடித்து வைத்திருக்கிறார்கள். தானாகச் சரிசெய்துகொள்ளும் வசதியையும் அணைத்திருக்கிறார்கள். தற்செயலாக நிமிர்ந்தவளின் கண்ணில் சுவரில் தொங்கிய நாள்காட்டி பட்டது. சாமி படம் போட்ட, தினமும் தாள் கிழிக்கிற நாள்காட்டி. புத்தம் புதுத் தாள். 2038.

"சார், இது தேதியில—"

"யம்மா, காபி ஆறுது," என்றாள் உலகம்மாள். "இங்கன வந்து குடிச்சிட்டுப் போங்க. ஏங்க, நீங்க மாடிக்குப் போங்களேன். பிள்ள கொஞ்சம் மூச்சு விடட்டும்."

"பாத்தியளா, என் மூளைய ரிப்பேர் பாக்க வந்தா எனக்கே அந்த இடத்துல நிக்க உரிமை இல்ல," என்றபடி அவர் வயரைக் கழற்றச் சொல்லிவிட்டு எழுந்து போனார். படியேறும் சத்தம் ஓய்ந்ததும் உலகம்மாள் மெர்லினை உள்ளே கூப்பிட்டாள்.

அடுக்களையில் காபி எதுவும் இல்லை. அடுப்பே பற்றவைக்கவில்லை.

"வருஷத்தத் தொடாதீய," என்றாள்.

"நீங்கதான் மாத்துனியளாம்மா?"

"நாந்தான். யாரும் சொல்லித் தரல. முதல்ல மெஷின் மாட்ட வந்த தம்பி, தேதி தப்பாப் போனா எப்படித் திருத்தணும்னு காட்டிக் கொடுத்திருந்தான். தப்பாப் போடவும் அதே வழிதான."

முன்னறையில் மாட்டியிருந்த போட்டோவை வரும்போதே மெர்லின் பார்த்திருந்தாள். இருபத்தைந்து வயதுப் பெண், அவர்கள் மகள். மாலை இல்லை, பொட்டு இல்லை, விளக்கு இல்லை. கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறாள், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பேசி அனுப்புவாள் என்று கோமதிநாயகம் சொல்லியிருந்தார். பெயர் வள்ளிமயில், வீட்டில் மயிலு.

"முப்பத்தொம்பது தைமாசம்," என்றாள் உலகம்மாள். "பொங்கல் முடிஞ்சு திரும்பிப் போனா. கயத்தாறு தாண்டல. பஸ்ஸுல இருந்தவங்கள்ல ஏழு பேரு."

அவள் சொன்னது இவ்வளவுதான். மிச்சத்தை மெர்லினே கோத்துக்கொண்டாள். கருவி தன் கடிகாரத்தை நம்பும். கடிகாரத்துக்குப் பிந்திய தேதி போட்ட நினைவு எதுவானாலும், அது இன்னும் நடக்காதது என்று ஒதுக்கி வைத்துவிடும். வருடத்தைப் பின்னால் தள்ளினால் மயிலு சாகவில்லை. வருடம் முடியும்போதெல்லாம் உலகம்மாள் மறுபடி முப்பத்தெட்டுக்குத் தள்ளியிருக்கிறாள். ஒரே தேதியில் இரண்டு நினைவு இருந்தால் பழையதையும் கருவி ஒதுக்கிவிடும். சிவகாசியில் அவள் தம்பிக்கு அச்சகம். வருடாவருடம் அதே நாள்காட்டியில் ஒன்றே ஒன்று அடித்து அனுப்புவான். டி.வி. பழுது என்று எடுத்து வைத்தாயிற்று. பேப்பர் நிறுத்தியாயிற்று. தெருவில் எல்லோருக்கும் தெரியும். அவரிடம் யாரும் வாய்திறப்பதில்லை. மயிலு அந்த ஒரு வருடத்தில் அனுப்பிய குரல்களெல்லாம் உலகம்மாளின் போனில் இருந்தன. ஞாயிற்றுக்கு ஒன்றாகப் போட்டுக் காட்டுவாள்.

"இந்தப் புதுசு ஏறிட்டா வருஷத்தக் கையால மாத்த முடியாதும்மா," என்றாள் மெர்லின். "அந்த வழிய அடைச்சிட்டாங்க. ஒதுக்கி வச்சதெல்லாம் ஒரே நேரத்துல அவருக்கு வந்துரும்."

"அந்த ஒரு மாசத்த மட்டும் அழிச்சிர முடியாதா?"

"அழிக்கலாம். ஆனா அவரு கைரேக வைக்கணும். எத அழிக்கோம்னு அவருக்கு வாசிச்சுக் காட்டணும். சட்டம் அப்படி."

உலகம்மாள் சிரித்த மாதிரி ஒரு சத்தம் வந்தது. "அத வாசிக்க வாய் வந்திருந்தா நான் ஏன் நாள்காட்டி அடிக்கப் போறேன்."

அவள் கையில் இருந்த துண்டை மறுபடி பிழிந்தாள்.

"ஏத்தாமலே விட்டுட்டா?"

"மாசக் கடைசியில நின்னுரும். காய்ச்சல் வந்த புதுசுல இருந்த மாதிரி ஆயிருவாரு."

அது எப்படி இருந்தது என்று உலகம்மாளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. காய்ச்சலுக்கு முந்தியது மட்டும் அவரிடம் இருக்கும். அதில் மயிலு காலேஜுக்குப் போய்க்கொண்டிருப்பாள். அவள் எங்கே என்று கேட்பார். சொன்னால் தங்காது. கொஞ்ச நேரத்தில் மறுபடி கேட்பார். நாளெல்லாம், மாதமெல்லாம், இருவரில் ஒருவர் போகும்வரை கேட்டுக்கொண்டே இருப்பார்.

அவள் அடுப்பைப் பற்றவைத்தாள். பால் பொங்கி வரும்வரை அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு டம்ளரை நிரப்பி மெர்லின் கையில் கொடுத்தாள்.

"இது அவருக்கு. மேல கொண்டுபோய்க் கொடுங்க. நெட்டு சரியில்லன்னு சொல்லுங்க. நாளைக்கு வாங்க. ஒரு ராத்திரி எனக்கு யோசிக்க வேணும்."

"ஏன் ஏறலங்கிற காரணத்த அவருகிட்ட மறைக்கக் கூடாதும்மா. மெஷின் அவருது."

"தலையும் அவருதுதான். அதுக்குள்ள என்ன இருக்குன்னு நான்தான சுமக்கேன்." குரல் உயரவில்லை. "நெட்டுன்னு சொல்லுங்க தாயி. ஒரே ஒரு நாளைக்கு."

மெர்லின் காபியோடு மாடிக்குப் போனாள். மேற்கே பொதிகை மலை கறுத்துக்கொண்டு வந்தது. கோமதிநாயகம் நாற்காலியைக் கிழக்குப் பார்க்கப் போட்டு உட்கார்ந்திருந்தார். எதிரே தண்ணீர்த் தொட்டியும் பக்கத்து வீட்டுக் கொடிக்கயிறும் தவிரப் பார்க்க ஒன்றுமில்லை.

"நெட்டு சரியில்ல சார். நாளைக்கு வந்து பாக்கேன்."

அவர் காபியை வாங்கிக்கொண்டார். "உக்காருங்க. நான் பஸ்ஸுல செக்கிங் இன்ஸ்பெக்டர், சொன்னேனா? டிக்கெட் எடுக்காதவன் எவன்னு ஏறுனதுமே தெரியும். நாம ஏறுனா மத்தவன்லாம் நம்மளப் பாப்பான். அவன் மட்டும் ஜன்னலுக்கு வெளிய அப்படியொரு அக்கறையாப் பாத்துக்கிட்டு வருவான். நீங்க இப்ப அந்தக் கொடிக்கயித்தப் பாக்குதீய."

மெர்லின் கண்ணை அவர் பக்கம் திருப்பினாள்.

"என் வீட்டுக்காரி மாசக்கணக்கா ஜன்னலத்தான் பாக்குதா," என்றார். ஒரு வாய் குடித்தார். "கீழ நாள்காட்டியில நாளான்னைக்குப் பௌர்ணமின்னு போட்டிருக்கு. நாளான்னைக்குப் பௌர்ணமின்னா, இந்நேரத்துக்குக் கிழக்க நிலா ஒரு தென்னை உயரம் ஏறியிருக்கணும். எங்க, காட்டுங்க."

கிழக்கே ஒன்றுமில்லை. வானம் சாம்பல் நிறத்தில் சுத்தமாகக் கிடந்தது.

"மேகம்..." என்று தொடங்கி மெர்லின் நிறுத்திக்கொண்டாள்.

"ஆடி அமாவாசைக்கு எங்கப்பாவுக்கு எள்ளுந் தண்ணியும் விடணும், பாவநாசம் போவோம்னேன். அவ கால்வலின்னா. நான் விடல. போனோம். ஆடி அமாவாசைக்குப் பாவநாசத்துல கால் வைக்க இடம் இருக்காது, உங்களுக்குத் தெரியாம இருக்காது. படித்துறையில ஒரு ஈ காக்கா இல்ல. ஒரு பொம்பள துணி துவச்சுக்கிட்டிருந்தா. 'எல்லாரும் வெள்ளனயே முடிச்சிட்டுப் போயிட்டாங்க போல'ன்னு உலகு சொல்லுதா, ஆத்தப் பாத்துக்கிட்டே. சரின்னேன். அன்னைக்குச் சாயங்காலம் இதே நாற்காலி. தாம்பாளம் மாதிரி முழு நிலா. அமாவாசையன்னைக்கு."

"நீங்க கேக்கலையா சார்?"

"என்னத்தக் கேக்க? நிலாவ மறைக்க முடியாதுன்னு அவளுக்குத் தெரியாமலா இருக்கும்? தெரிஞ்சும் நாள்காட்டியத் தொங்க விட்டிருக்கான்னா, அவ மறைச்சே தீரவேண்டியது வேற ஏதோ இருக்கு. அது என்னன்னு ரெண்டு வாரத்துல தெரிஞ்சு போச்சு." அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "நிசமான அமாவாசை எதுவோ அன்னைக்கு, பின்சுவர்ல இலை போட்டுக் காக்காவுக்கு வச்சிருந்தா. நான் மாடியில இருக்கேன்னு அவ கவனிக்கல. சோறு, பருப்பு, பக்கத்துல நூடுல்ஸ். எங்கப்பா செத்து இருபது வருஷம் ஆச்சு. அவருக்கு யாரு நூடுல்ஸ் வைப்பா? இந்த வீட்டுல அத ஒருத்திதான் தின்பா."

கீழே பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. அது நிற்கிறதா என்று அவர் காதுகொடுத்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

"ஞாயித்துக்கிழம ஞாயித்துக்கிழம அவ குரல் வருது. நான் பேசி அனுப்புனா அதுக்குப் பதில் வரல. அப்பா கேட்டுப் பதில் சொல்லாத பிள்ள இல்ல அது. எத்தன வருஷம்?"

"நாலு," என்றாள் மெர்லின். அந்தப் பொய்யை இனித் தூக்கி நிறுத்த அவளால் முடியவில்லை.

அவர் தலையை ஆட்டினார். "அப்ப இது எனக்கு முதல் தடவை இல்ல. போன வருஷமும் நிலாவப் பாத்திருப்பேன். அதுக்கு முந்தின வருஷமும். ஒவ்வொரு தடவையும் பேசாமத்தான் இருந்திருக்கேன். இல்லன்னா அந்த நாள்காட்டி இன்னும் அங்க தொங்குமா?"

எங்கோ கோயிலில் பாட்டுப் போட்டார்கள். மெர்லின் அவருக்கு எல்லாவற்றையும் சொன்னாள்: ஏற்றினால் என்ன ஆகும், ஏற்றாவிட்டால் என்ன ஆகும், அழிக்க வேண்டுமானால் என்ன செய்ய வேண்டும். அவர் இடையில் ஒரு கேள்விதான் கேட்டார்.

"ஏத்தாம விட்டா, மயிலு எங்கன்னு அவகிட்டக் கேட்டுக்கிட்டே இருப்பேனா?"

"ஆமா சார்."

"அப்ப ஏத்துங்க."

"ஒவ்வொண்ணா வராது சார். மொத்தமா வரும். பெரியாஸ்பத்திரி, சுடுகாடு, எல்லாம்."

"வரட்டும். அதுல பாதி என்னுது. ஒருத்தியே வச்சிருக்கா." எழுந்தார். பிறகு நின்று, "ஒரே ஒரு உதவி. நான் கண்டுபிடிச்சது அவளுக்குத் தெரியவேண்டாம். இத்தன பாடு பட்டிருக்கா, அத்தனையும் வீண்னு ஆகக் கூடாது. இன்னைக்குத்தான் தெரிஞ்ச மாதிரி இருந்துக்கிடுதேன். பஸ்ஸுல நான் பாக்காத நடிப்பா."

கீழே இறங்கினார்கள். மெர்லின் முன்னால் போனாள்.

"அம்மா, மன்னிச்சிருங்க. தேதி தப்பா இருக்குன்னு சொல்லிட்டேன். அது மட்டுந்தான் சொன்னேன்."

உலகம்மாள் அவளைப் பார்த்த பார்வையை மெர்லின் அதற்குப் பிறகு பல வீடுகளில் வேலையின் நடுவே நினைத்துக்கொண்டாள். அதில் கோபம் குறைவு. சுமந்து வந்ததை இறக்கப் பக்கத்தில் சுமைதாங்கிக் கல் இல்லாதவளின் பார்வை அது.

"நம்பரு தப்பா இருந்தா மாத்திட்டுப் போகட்டும் உலகு," என்றார் கோமதிநாயகம் சாதாரணமாக. "இதுக்குப் போயி ஏன் முழிக்க? இங்கன வந்து உக்காரு."

அவள் அடுக்களைக்குள் போனாள். அடுப்பை அணைத்தாள். கையைத் துடைத்துக்கொண்டு வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். வேண்டாம் என்று அவள் சொல்வாள் என மெர்லின் கொஞ்சநேரம் காத்திருந்தாள். சொல்லவில்லை. அவர் கையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

மெர்லின் வயரை மறுபடி மாட்டி, வருடத்தைத் திருத்தினாள்.

கோடு நகர்ந்தது. எழுபதில் நிற்கும் என்று பழக்கத்தில் மூச்சைப் பிடித்தாள். நிற்கவில்லை. எழுபத்தொன்று. தொண்ணூறு. கருவி ஒருமுறை அணைந்தது. கோமதிநாயகத்தின் கண் அந்த நேரம் பூராவும் யாரும் குடியிராத வீட்டின் ஜன்னல்போல் இருந்தது. பிறகு பச்சை விளக்கு வந்தது.

அவர் நடிக்கவில்லை. நடிக்க வேண்டும் என்பதே அவருக்கு நினைவில் இல்லாததுபோல் இருந்தது. வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. தோள் ஒருமுறை தூக்கிப்போட்டது. உலகம்மாள் அந்தக் கையை இறுக்கிப் பிடித்தாள். விழுகிற ஆளைப் பிடிப்பதற்குத் தயாராக இருந்தாள்; அதற்கு அவளுக்கு நாலு வருடப் பயிற்சி இருந்தது. ஆனால் அவர் விழவில்லை. அவளைத் திரும்பிப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"நான்தான கேட்டேன்," என்றார்.

உலகம்மாள் அவர் கையை விடவில்லை.

"பதினாறு முடிஞ்சு பந்தல் பிரிச்சுக்கிட்டிருந்தாங்க. அடுப்பங்கரையில வச்சு உன் கால்ல விழுந்தேன். இத எங்கிட்டயிருந்து எடுத்துருன்னேன். நீ மாட்டேன்ன. மூணு நாள் மாட்டேன்ன." அவர் குரல் உடைந்து, மறுபடி கூடியது. "அப்ப நான் மட்டும் என்ன செய்யன்னு கேட்ட. அதுக்கு நான் ஒண்ணும் சொல்லல உலகு. வருஷத்த மாத்துன்னு காதக் காட்டிக்கிட்டு உக்காந்திருந்தேன்."

"இப்ப எதுக்கு அதெல்லாம்," என்றாள் அவள். சேலைத் தலைப்பால் அவர் நெற்றியைத் துடைத்தாள். "சட்டையெல்லாம் நனஞ்சிருக்கு பாருங்க."

மெர்லின் தலையைக் குனிந்துகொண்டாள். வேலை முடிந்ததும் கம்பெனிக்கு அனுப்பவேண்டிய பக்கம் திரையில் காத்திருந்தது. கோளாறின் காரணம் என்ற இடத்தில் 'தேதி தவறு' என்று அடித்தாள். தீர்வு என்ற இடத்தில் 'சரிசெய்யப்பட்டது' என்று அடித்தாள். அனுப்பினாள். வயரைச் சுருட்டிப் பையில் வைக்க அவளுக்கு வெகுநேரம் பிடித்தது.

அவர் அழுது ஓய்ந்திருந்தார். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, சின்னப் பிள்ளை மாதிரிக் கேட்டார்.

"அமாவாசைக்கு இனி நான் வைக்கேன். நூடுல்ஸ நீ செஞ்சு கொடு, நான் வைக்கேன். எப்ப வருது அமாவாசை?"

கேட்டுவிட்டு, பழக்கத்தில் அவர் கண் சுவரில் தொங்கிய நாள்காட்டிக்குப் போயிற்று. மெர்லினின் கண்ணும் போயிற்று. அதன் அடியில், நாளை மறுநாளுக்கு நேராக, முழு நிலா வட்டமாக அச்சாகியிருந்தது.

உலகம்மாள் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

"நாளான்னைக்கு," என்றாள்.